சவர நுரையும் கச்சிராயபாளையத்துத் தண்ணீரும்

கச்சிராயபாளையத்தில் தண்ணீர் இரண்டு விதம். கல்வராயன் மலையில் பெய்து, பாறைமேல் ஓடி, ஓடைகளாக இறங்கிக் கோமுகி அணையில் சேர்வது ஒன்று. மண்ணுக்குள் இறங்கி, பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கி, ஆழ்துளைக் கிணறு வழியாக மேலே வருவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் தெளிவுதான். ஒரே சவர சோப்பை ஒரே பிரஷ்ஷில் எடுத்து இரண்டிலும் குழைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். ஓடைத் தண்ணீரில் நுரை கெட்டியாக எழும்பி நிற்கும். உப்பேறிய போர் தண்ணீரில் எழும்பிய வேகத்திலேயே அமுங்கி, கன்னத்தில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும். சவரம் சரியாக அமையவில்லை என்றால் பிளேடை மாற்றுகிறோம், சோப்பை மாற்றுகிறோம், விலை கூடியதை வாங்கிப் பார்க்கிறோம். தண்ணீர்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

முடியிலிருந்து தொடங்குவோம். தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது அந்தப் புரதச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அவற்றில் பல தளர்ந்துவிடும். முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சக்கூடியது. அதன் குறுக்களவு சுமார் 15 சதவீதம் பருக்கும். நீளம் மட்டும் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் கூடாது. ஊறிய முடியை அறுக்கத் தேவையான விசை, காய்ந்த முடிக்குத் தேவையானதைவிட வெகுவாகக் குறைவு. ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், வெந்நீராக இருந்தால் இன்னும் சீக்கிரம். குளித்த கையோடு செய்த சவரம் இதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வெறும் தண்ணீர் போதாதா என்றால், போதாது. முகத்துத் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசை முடியின்மேல் படிந்து தண்ணீரை அண்டவிடாது. சோப்பு அந்தப் பசையை நீக்குகிறது. பிறகு, ஊறிய முடி காயாதபடி அதன்மேல் ஈரத்தைப் போர்த்தி வைக்கிறது. கூடவே கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலான ஒரு படலத்தையும் விடுகிறது. நுரை என்றதும் குமிழிகள்தான் நம் கண்ணில் படுகின்றன. வேலை செய்வது குமிழிகளுக்கு இடையில் இருக்கும் சோப்புத் தண்ணீர். உப்பிப் பெருகிய நுரை பார்க்க அழகாக இருக்கும். அதற்குள் காற்றுதான் அதிகம். சவரத்துக்கு வேண்டியது சிறு சிறு குமிழிகள் நெருங்கி நிற்கும், ஈரம் மிகுந்த, சீக்கிரம் வடியாத நுரை.

குளியல் சோப்பால் முகச்சவரம் செய்துகொள்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்றும் நிறையப் பேர். அந்த சோப்பின்மேல் குறை சொல்ல எதுவுமில்லை, அது செய்யப்பட்ட நோக்கம் வேறு. எந்த சோப்பும் ஒரு கொழுப்பு அமிலமும் ஒரு காரமும் சேர்ந்த உப்புதான். தேங்காய் எண்ணெயில் பாதியளவுக்கு இருப்பது லாரிக் அமிலம், 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. அதன் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரையும், மளமளவென்று நுரைக்கும். குமிழிகள் பெரியவை, வந்த வேகத்தில் உடைபவை. தோலின் இயல்பான எண்ணெயையும் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துவிடும். பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன், ஸ்டியரிக் அமிலத்தில் 18. இந்த நீண்ட சங்கிலிகள் குமிழிச் சுவரில் நெருக்கமாக அணிவகுத்து நிற்கும். சுவர் உறுதிப்படும், உள்ளிருக்கும் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். நுரைக்கத் தாமதமாகும், ஆனால் நுரைத்தது நிற்கும். நல்ல சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுந்தும் தேங்காய் எண்ணெய் அளவாகவும் இருப்பது இதனால்தான்.

காரமும் முக்கியம். ஸ்டியரிக் அமிலத்தைச் சோடியம் காரத்தோடு சேர்த்தால் வருவது கல்லாக இறுகிய சோப்பு, குளிர்ந்த தண்ணீரில் லேசில் கரையாது. பொட்டாசியம் காரத்தோடு சேர்த்தால் மென்மையான, எளிதில் கரையும் சோப்பு கிடைக்கும். சவர சோப்பு செய்பவர்கள் இரண்டையும் கலந்து, வட்டு வடிவ சோப்புக்குச் சோடியத்தைக் கூட்டியும் டியூப் க்ரீமுக்குப் பொட்டாசியத்தைக் கூட்டியும் வைப்பார்கள். பழைய காலத்திலும் இந்த இரண்டு காரங்களும் மக்கள் கைவசம் இருந்தவையே. மரச் சாம்பலைக் கரைத்து வடித்தால் கிடைப்பது பொட்டாசியம் கார்பனேட்; துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் இருந்தது சோடியம் கார்பனேட்.

சோப்பின் உள்விவரம் வெளிப்பட்டதே ஒரு பொட்டாசியம் சோப்பிலிருந்துதான். 1811-இல் பாரிஸில் மிஷேல் ஷெவ்ரல் என்ற இளம் வேதியியலாளர், பன்றிக் கொழுப்பில் செய்த பொட்டாஷ் சோப்பு ஒன்றைப் பகுத்துப் பார்க்கத் தொடங்கினார். அமிலம் சேர்த்தபோது படிகமாகப் பிரிந்து வந்த பொருள்தான் அவரைக் கொழுப்பு அமிலங்களிடம் கொண்டு சேர்த்தது. கொழுப்பு என்பது இந்த அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள் என்று நிறுவி, 1823-இல் நூலாக வெளியிட்டார். ஸ்டியரிக் அமிலத்துக்குப் பெயரிட்டவரும் அவரே. 102 வயதுவரை வாழ்ந்த மனிதர். சவர நுரை அதற்குப் பிறகும் விஞ்ஞானிகளை விட்டபாடில்லை. நுரை எப்படி முதிர்கிறது என்பதை அறிய டூரியன், வைட்ஸ், பைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 1991-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், கடையில் விற்கும் கில்லட் சவர நுரை. சிறு குமிழிகளில் இருக்கும் காற்று பெரிய குமிழிகளுக்குள் கசிந்து போகும். சிறியவை மறைந்து பெரியவை வளரும். எல்லா நுரையும் இப்படித்தான் முதிர்கிறது. சவர நுரையில் இது நிதானமாக நடப்பதால்தான் அளந்து பார்க்கத் தோதாக இருந்தது. அந்த நிதானம்தான் நம் கன்னத்துக்கும் வேண்டும்.

ஐரோப்பாவின் பழைய சவர சோப்புகள் மாட்டுக் கொழுப்பில் செய்தவை. அதில் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து ஏறக்குறைய பாதி, மற்ற பாதியில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். இந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும் எண்ணெய் ஒன்று நம்மிடம் இருக்கிறது: இலுப்பை எண்ணெய். அதிலும் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து பாதிக்குச் சற்றே குறைவு, ஒலியிக் நாற்பது சதவீதத்துக்குமேல். குளிர் கண்டால் உறைந்துபோவது இதனால்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலுப்பை இனத்து வித்தும் கொழுப்பும் சோப்புக்கும் மெழுகுவத்திக்குமென்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறது, பூவை நம்பியிருக்கத் தேவையில்லை. கொட்டையை மறந்துவிடக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயில் விளக்குக்கு எரிப்பதோடு அதை ஒதுக்கிவிட்டோம். கையால் சோப்பு செய்து விற்கும் மகளிர் குழுக்கள் இன்று மாவட்டந்தோறும் இருக்கின்றன. இலுப்பை எண்ணெய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், கூடுதலாக ஸ்டியரிக் அமிலம், பெரும்பங்கு பொட்டாசியம் காரம் என்று அவர்கள் முயன்றால், வெளியூர் வட்டு சோப்புகளோடு நிற்கக்கூடிய சரக்கு கிடைக்கும். எண்ணெயின் மணம் கடுமையானது, அதைச் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டும். காரத்தின் அளவைத் துல்லியமாக நிறுக்க வேண்டும், மிஞ்சினால் முகம் எரியும். இவை பயிற்சியால் தீரக்கூடிய சிக்கல்கள்தான்.

இனி தண்ணீர். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கல்வராயன் மலையின் பாறைகள் சார்னோக்கைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. அந்தக் கனிமங்களிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இந்த அமிலத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்கும். பாறைமேல் விரைந்து ஓடும் தண்ணீருக்கு இதற்கு நேரமில்லை. பிளவுகளில் ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு நேரம் நிறைய. இப்படிக் கால்சியமும் மக்னீசியமும் ஏறியதைத்தான் கடினநீர் என்கிறோம். கால்சியம் அயனி ஒன்று இரண்டு ஸ்டியரேட் மூலக்கூறுகளைப் பிடித்துக் கால்சியம் ஸ்டியரேட்டாக்கிவிடும். அது தண்ணீரில் கரையாது, நுரைக்காது. வாளி ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் வெள்ளை அழுக்கு அதுதான்.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் தண்ணீர், நுரை தரத் தொடங்குமுன் ஏறக்குறைய 3.7 கிராம் சோப்பை வீணாக்கும். பதினைந்து லிட்டர் வாளியில் 55 கிராம். துணி துவைக்க இது பெரிய நஷ்டம். சவரக் கணக்கு வேறு. ஒருமுறை நுரை குழைக்க 20 மில்லிலிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொண்டால், அது தின்னும் சோப்பு 73 மில்லிகிராம். பிரஷ்ஷில் ஒரு கிராம் சோப்பு ஏற்றியிருந்தால் 7 சதவீதம்தான் நஷ்டம். சிக்கனமாக வட்டின்மேல் இரண்டு சுற்று சுற்றி 200 மில்லிகிராம் மட்டும் எடுத்திருந்தால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். போதாக்குறைக்கு, உருவான கால்சியம் ஸ்டியரேட் துகள்கள் குமிழிச் சுவரில் புகுந்து அதை உடைக்கவும் செய்யும். ஆகவே கடினநீர் ஊர்களில் சோப்பில் கஞ்சத்தனம் கூடாது. நுரை நிற்கவில்லை என்று மேலும் மேலும் தண்ணீர் விடுகிறோமே, அது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

ஒரு ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க முதலில் பயன்பட்ட கருவியே சோப்புதான். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க், 1840-களில் அந்த முறையை வகுத்தார். அளவு தெரிந்த சோப்புக் கரைசலைத் தண்ணீரில் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கலையாத நுரை வரும்வரை எவ்வளவு கரைசல் செலவானது என்பதே கடினத்தன்மையின் அளவு. வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் கால்பங்கு தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், மற்றொன்றில் மழைத்தண்ணீர். குளியல் சோப்பை மெல்லியதாகச் சீவி இரண்டிலும் சம அளவு போட்டுக் கரையவிட்டு, மூடிக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை மேலே நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். மற்றொன்று பால்நிறத்தில் கலங்கி, மேலே திரிதிரியாக மிதக்கும்.

தீர்வு எளிது, செலவும் கிடையாது. சவரத்துக்கு வேண்டியது அரை டம்ளர் நல்ல தண்ணீர். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் மிகச் சிறந்தது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ முறையில் உப்பு நீக்கியது, அதுவும் சரி. எதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரையே சில நிமிடம் கொதிக்கவிட்டுத் தெளியவைத்து, மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம் கொதியில் கார்பனேட்டாகிப் படிந்துவிடும். வெந்நீர் அண்டாவின் அடியில் காலப்போக்கில் தட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அதுதான். சல்பேட், குளோரைடு வடிவில் இருப்பது கொதிக்கவைத்தாலும் போகாது. இளஞ்சூடு காட்டி இறக்கினாலும் பலனில்லை. கடைசியாக முகம் கழுவவும் ஒரு கை நல்ல தண்ணீர் மிச்சம் வையுங்கள். சோப்பு மிச்சத்தைக் கடினநீரில் கழுவினால் அந்தக் கரையாத படலம் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். சவரத்துக்குப் பின் முகம் இழுத்துப் பிடிப்பதாகச் சொல்பவர்கள் பலருக்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் கிடைக்கும் பூந்திக்கொட்டையும் சீகைக்காயும் கடினநீரிலும் தாராளமாக நுரைக்குமே, அவற்றால் சவரம் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும். அவற்றின் சபோனின் கொழுப்பு அமில உப்பு அல்ல, ஆகவே கால்சியத்திடம் சிக்காது. தலைக்கு அருமை. ஆனால் அந்த நுரையில் வழுக்கல் குறைவு, ஈரம் தங்காது, கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கத்தி ஓடும் முகத்துக்கு அது தோதல்ல.

கடையில் சவர சோப்பு மூன்று உருவில் இருக்கிறது. டியூப் க்ரீம், வட்டு, அழுத்தினால் நுரை வரும் டப்பா. முதல் இரண்டும் ஒரே குடும்பம். க்ரீமில் தண்ணீர் அதிகம், வட்டில் குறைவு, அவ்வளவே. எது என்றாலும் அட்டையைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் ஆகியவை முன்வரிசையில் இருந்தால் அது சவரத்துக்கென்றே செய்தது. இடிடிஏ என்ற பெயர் இருந்தால் கடினநீர் ஊர்க்காரர்களுக்கு நல்லது. அது கால்சியத்தை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும், சோப்பு தப்பும். மென்தால் சேர்த்தது குளிர்ச்சியாகத் தோன்றும், சவரத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோல் சட்டென்று சிவக்கும் இயல்புள்ளவர்கள் மணம் குறைந்ததையே வாங்க வேண்டும். டப்பா நுரை பெரும்பாலும் டிரைஎத்தனோலமீன் என்ற காரத்தில் செய்த ஸ்டியரேட் சோப்பு, அதை எரிவாயு தள்ளி உப்பவைக்கிறது. அவசரத்துக்கு உதவும். முடியை ஊறவைக்கப் பிரஷ் செய்யும் வேலையை அது செய்யாது. என் தேர்வு வட்டு. விலை ஒருமுறைதான், மாதக்கணக்கில் வரும், எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

நுரை குழைப்பதை அவசரமில்லாமல் பழக வேண்டும். வட்டின்மேல் பத்துச் சொட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, முகம் கழுவி முடிக்கும்வரை இருக்கட்டும். பன்றிமுடி பிரஷ் என்றால் அதையும் இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். நைலான் பிரஷ்ஷுக்குத் தேவையில்லை. பிரஷ்ஷை நன்றாக உதறி, வட்டின்மேல் அரை நிமிடம் சுழற்றினால் முதலில் வருவது நுரையல்ல, ஒட்டும் பசை. அது வரட்டும். பசையைக் கன்னத்திலோ கிண்ணத்திலோ வைத்துச் சுழற்றி, பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்த்துக்கொண்டு போங்கள். மங்கலாக இருந்த பசை நாலைந்து முறைக்குப் பிறகு பளபளக்கத் தொடங்கும், பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும், பதம் கெட்டித் தயிராக இருக்கும். கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் தண்ணீர் போதவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடினால் சரி. குமிழிகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது, மறுபடி வட்டின்மேல் சுழற்றிச் சோப்பைக் கூட்டுங்கள். பிறகு பிளேடை முடி வளர்ந்த திசையிலேயே, கை பாரம் கொடுக்காமல் இழுத்தால் போதும். இரண்டாம் முறை இழுப்பதற்குமுன் மறுபடி நுரை பூசுங்கள், வெறும் தோலில் பிளேடு ஓடக்கூடாது.

சலூனிலும் இதே விதிதான். தண்ணீர் எந்தப் பானையிலிருந்து வருகிறது என்று பார்த்தால், நுரை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். அனுபவமுள்ள முடிதிருத்துநர்கள் பிரஷ்ஷை முகத்தில் நெடுநேரம் சுழற்றுவது பழக்கதோஷம் அல்ல. அந்த நேரத்தில்தான் முடி ஊறுகிறது. பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகி ஆளுக்கு ஒன்று மாற்றுவது இப்போது பெரும்பாலான இடங்களில் வழக்கமாகிவிட்டது. படிகாரக் கல்லில்தான் கவனம் குறைகிறது. பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டான படிகாரம், கீறலில் கசியும் ரத்தத்தின் புரதத்தை உறையவைத்து அடைக்கிறது. அதே கல் அடுத்தவர் கீறலிலும் தேய்க்கப்பட்டால், ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போக வழி திறக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் தொற்றும் வலுவோடு இருக்கக்கூடியது. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சொந்தக் கல் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோகலாம், அல்லது படிகாரத்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொல்லலாம். பிரஷ்ஷையும் ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்பு முழுக்கப் போக வெந்நீரில் அலசி, முடி கீழ்ப்பக்கம் இருக்கத் தொங்கவிட்டு உலர்த்தச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. வீட்டுப் பிரஷ்ஷுக்கும் அதேதான். வட்டு சோப்பைத் தண்ணீர் தேங்காத கிண்ணத்தில் வைத்து, மூடாமல் காயவிட்டு, காய்ந்த பிறகு மூடுங்கள்.